கட்டி சுரக்கிறதா, சுரக்க வைக்கிறதா? விந்தகக் கட்டிகளின் ஹார்மோனை ஆய்வகத் தட்டில் தேடும் முறை

ஓர் ஆண் விளையாட்டாகக் கர்ப்பப் பரிசோதனைக் கீற்றைப் பயன்படுத்திப் பார்த்தார். இரண்டு கோடு விழுந்தது. மருத்துவரிடம் போனபோது விந்தகத்தில் புற்றுநோய் தெரிந்தது. 2012-இல் இணையத்தில் பரவிய இந்தச் செய்தி அவ்வப்போது மறுபடி கிளம்பிக்கொண்டே இருக்கிறது. அதற்குச் சற்று முன்னர் அமெரிக்கக் கடற்கரை வாலிபால் வீரர் ஜேக் கிப்புக்கு ஊக்கமருந்துச் சோதனையில் ஒரு ஹார்மோன் அளவு மீறியிருந்தது. தேடிப் பார்த்ததில் அங்கும் விந்தகப் புற்றுநோய்தான். சிகிச்சை முடித்து அவர் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஆடினார். இரண்டு இடத்திலும் சிக்கியது எச்.சி.ஜி. எனப்படும் கர்ப்ப ஹார்மோன்.

வாசகர்கள் கேட்கும் முதல் கேள்வி: அப்படியானால் வீட்டிலேயே கீற்றை வைத்துப் பார்த்துக்கொள்ளலாமா? கூடாது. கீற்றுகளில் பல, ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் சுமார் 25 மில்லி அலகு இருந்தால்தான் கோடு காட்டும். விந்தகக் கட்டிகளில் அதிகம் காணப்படும் செமினோமாவில் எச்.சி.ஜி. உயர்வதே 15 முதல் 20 சதவீதம் பேருக்குத்தான், அதுவும் கொஞ்சமாக. ஒரு கோடு விழுந்தது என்பதற்காக நோய் இல்லை என்று இருந்துவிட முடியாது. வலியில்லாத கெட்டியான வீக்கம் இருந்தால் எடுக்க வேண்டியது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்.

இரண்டாவது கேள்விதான் இந்தக் கட்டுரைக்கு உரியது. இந்த ஹார்மோனைக் கட்டியேதான் சுரக்கிறது என்று எப்படித் தெரியும்? இரத்தப் பரிசோதனை "எவ்வளவு" என்று சொல்லும், "யார்" என்று சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது திசு வளர்ப்பு, அதாவது கட்டியின் திசுவை உடலுக்கு வெளியே ஆய்வகத் தட்டில் வளர்ப்பது. ஆனால் அது கவனமில்லாதவரை எளிதில் ஏமாற்றும்.

விந்தகத்தில் யார் என்ன செய்கிறார்கள்

1. லேடிக் செல்கள்: விந்துக் குழல்களுக்கு இடையில் இருப்பவை. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எல்.எச். ஹார்மோன் தட்டியதும் கொலஸ்டிரால் என்ற கொழுப்பிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண்மை ஹார்மோனைத் தயாரிப்பவை.
2. செர்டோலி செல்கள்: குழலுக்குள் இருந்து விந்தணுக்களை வளர்ப்பவை. பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான எஃப்.எஸ்.எச். கட்டளைக்கு இசைபவை, இன்ஹிபின் என்ற ஹார்மோனைச் சுரப்பவை.
3. ஜெர்ம் செல்கள்: விந்தணுவாக மாற இருப்பவை. இயல்பான நிலையில் இவற்றுக்கு ஹார்மோன் வேலை எதுவும் இல்லை.

விந்தகக் கட்டிகளில் 90 சதவீதத்துக்கு மேல் இந்த மூன்றாம் வகையிலிருந்துதான் வருகின்றன. ஹார்மோன் சுரக்கத் தெரியாத செல் எச்.சி.ஜி. சுரப்பது எப்படி? ஜெர்ம் செல்லுக்குக் கருவாக மாறும் திறன் உண்டு. கட்டியாகும்போது அந்தத் திறன் கட்டுப்பாடில்லாமல் அவிழ்கிறது. ஒரு பகுதி நஞ்சுக்கொடித் திசுவைப் போல மாறி எச்.சி.ஜி. சுரக்கும், இன்னொரு பகுதி கருவின் மஞ்சள்கருப் பையைப் போல மாறி ஏ.எஃப்.பி. புரதத்தைச் சுரக்கும். கோரியோகார்சினோமா முதல் வகை, யோக் சாக் கட்டி இரண்டாம் வகை. லேடிக் செல்லிலிருந்தே பிறக்கும் கட்டிகள் மொத்தத்தில் 1 முதல் 3 சதவீதம்தான். எண்ணிக்கையில் குறைவு என்றாலும் ஹார்மோன் ஆய்வுக்கு அவை சுரங்கம்.

எச்.சி.ஜி.-க்கு ஆல்ஃபா, பீட்டா என இரண்டு துண்டுகள். 92 அமினோ அமிலம் கொண்ட ஆல்ஃபா துண்டு எல்.எச்., எஃப்.எஸ்.எச்., தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஆகியவற்றிலும் அப்படியே இருக்கிறது. 145 அமினோ அமிலம் கொண்ட பீட்டா துண்டுதான் தனி அடையாளம். அந்த பீட்டாவும் எல்.எச்.-இன் பீட்டாவுக்கு நெருங்கிய உறவு என்பதால் இரண்டும் லேடிக் செல்லின் ஒரே ஏற்பியில் (ஹார்மோன் வந்து ஒட்டும் இடத்தில்) போய் உட்காரும். கட்டி எச்.சி.ஜி.-யை விட்டால், பக்கத்தில் உள்ள நல்ல லேடிக் செல்லும் எதிர்ப்புற விந்தகமும் அதை எல்.எச். என்று நம்பி வேலை செய்யத் தொடங்கிவிடும். ஊக்கமருந்துப் பட்டியலில் ஆண்களுக்கு எச்.சி.ஜி. தடை செய்யப்பட்டிருப்பதும் இதனால்தான்.

ஒரே எண்ணுக்குப் பின்னால் மூன்று கதைகள்

விந்தகக் கட்டி உள்ள ஒருவருக்கு மார்பகம் வீங்குகிறது. இரத்தத்தில் எஸ்ட்ரஜன் வகையைச் சேர்ந்த எஸ்ட்ரடையோல் என்ற பெண்மை ஹார்மோன் கூடியிருக்கிறது. இதற்கு மூன்று வழிகள் உண்டு.

1. கட்டி லேடிக் செல் வகை. ஆண்மை ஹார்மோனை எஸ்ட்ரஜனாக மாற்றும் அரோமட்டேஸ் என்சைமையும் அதுவே வைத்திருக்கிறது. கொழுப்பில் தொடங்கி எஸ்ட்ரடையோல் வரை எல்லாம் அதன் சொந்த வேலை.
2. கட்டி எச்.சி.ஜி. மட்டும் சுரக்கிறது. எஸ்ட்ரடையோல் தயாரிப்பது தூண்டப்பட்ட நல்ல லேடிக் செல்கள்.
3. கட்டியில் நஞ்சுக்கொடி போன்ற செல்கள் இருக்கின்றன. அவற்றால் அடிப்படையிலிருந்து ஸ்டீராய்டு (டெஸ்டோஸ்டிரோன், எஸ்ட்ரடையோல் போன்ற ஹார்மோன்கள்) செய்ய முடியாது. ஆனால் அரோமட்டேஸ் உண்டு. இரத்தத்தில் வரும் ஆண்மை ஹார்மோனை வாங்கி எஸ்ட்ரஜனாக மாற்றித் தரும்.

எஸ்ட்ரடையோல் எண்ணில் மூன்றுக்கும் முகம் ஒன்றுதான். எல்.எச்.-ஐ அளந்தாலும் மூன்றிலும் அது அமுங்கியே இருக்கும். எச்.சி.ஜி. இயல்பாக இருந்தால் முதல் வழியைச் சந்தேகிக்கலாம். கூடியிருந்தால் இரண்டா மூன்றா என்று பிரிக்க வழியில்லை. வளர்ப்புத் தட்டில் பிரிக்கலாம். எதையும் சேர்க்காத ஊடகத்தில் (செல்கள் வளரும் சத்து நீரில்) கட்டித் துண்டு எஸ்ட்ரடையோல் விட்டால் முதல் வழி. கட்டித் துண்டு எச்.சி.ஜி. மட்டும் விடுகிறது, அந்த ஊடகத்தை எடுத்து நல்ல விந்தகத் துண்டின் மேல் ஊற்றினால் அது ஸ்டீராய்டு சுரக்கிறது, எச்.சி.ஜி.-க்கு எதிரான ஆன்டிபாடியை இடையில் சேர்த்தால் சுரப்பு நின்றுவிடுகிறது என்றால் இரண்டாம் வழி. ஆண்ட்ரோஸ்டீன்டையோன் என்ற ஆண்மை ஹார்மோனைச் சேர்த்த பிறகே எஸ்ட்ரஜன் வருகிறது, அரோமட்டேஸைத் தடுக்கும் லெட்ரோசோல் மருந்தைப் போட்டால் நிற்கிறது என்றால் மூன்றாம் வழி. ஒரே கட்டியில் இரண்டு வழிகள் சேர்ந்திருப்பதும் உண்டு.

இந்த வாதம் எங்கே தொடங்கியது

கர்ப்பிணியின் சிறுநீரை எலிக்குச் செலுத்திக் கர்ப்பத்தைக் கண்டறியும் முறையைப் பெர்லினில் ஆஷ்ஹைம், சோண்டெக் இருவரும் 1920-களின் இறுதியில் கொண்டுவந்தார்கள். சில ஆண்டுகளுக்குள்ளேயே விந்தகக் கட்டி உள்ள ஆண்களின் சிறுநீரிலும் அதே விளைவைச் சோண்டெக் பார்த்தார். அந்தப் பொருள் பிட்யூட்டரியிலிருந்து வருகிறது என்பதே அன்றைய கருத்து. விளைவு எல்.எச்.-ஐப் போலவே இருந்ததால் அந்தக் கருத்தைக் குறை சொல்லவும் முடியாது.

தீர்ப்பு வந்தது பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில். ஜார்ஜியானா சீகர் ஜோன்ஸ், ஜார்ஜ் கை, மார்கரெட் கை மூவரும் நஞ்சுக்கொடிச் செல்களை உடலுக்கு வெளியே தொடர்ந்து வளர்த்து, ஊடகத்தில் அந்த ஹார்மோன் சேர்வதை 1943-இல் வெளியிட்டார்கள். தட்டில் பிட்யூட்டரி இல்லை, ஹார்மோன் இருக்கிறது. வாதம் அவ்வளவுதான். 1951-இல் ஹீலா என்ற புகழ்பெற்ற புற்றுநோய்ச் செல்களை வளர்த்ததும் இதே ஜார்ஜ் கையின் ஆய்வகம்தான்.

1968-இல் பட்டிலோ, ஜார்ஜ் கை குழுவினர் கோரியோகார்சினோமாவிலிருந்து பீவோ என்ற செல் லைனை உருவாக்கினார்கள். ஹார்மோன் சுரந்துகொண்டே தொடர்ந்து பெருகும் மனிதச் செல்கள் கைக்கு வந்தன. பிறகு ஜார், ஜெக்-3 வந்தன. இவை மூன்றும் பெண்களின் நஞ்சுக்கொடிக் கட்டியிலிருந்து எடுத்தவை. விந்தகக் கோரியோகார்சினோமாவுக்குப் பதிலாளாக இவற்றைப் பயன்படுத்தும் ஆய்வுகளைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

செய்முறை

1. திசு எடுத்தல். அறுவை சிகிச்சையில் விந்தகம் இடுப்புக் கவட்டை வழியாக முழுதாக எடுக்கப்படும். முதல் உரிமை நோய்க்குறியியல் மருத்துவருக்கு. நோயாளியின் ஒப்புதல் பெற்று, மிஞ்சியதில்தான் ஆய்வு. நடுவில் அழுகிய பகுதியை விட்டுவிட்டு ஓரத்தில் உயிருள்ள திசுவை எடுக்க வேண்டும். எதிரெதிர் முகங்களில் ஒன்றை ஃபார்மலினில் போட்டு வைப்பது கட்டாயம். வளர்த்தது கட்டியா, ஒட்டியிருந்த நல்ல திசுவா என்பதற்கு அதுதான் சாட்சி.

2. கொண்டுசெல்லல். மில்லிலிட்டருக்கு 100 அலகு பெனிசிலின், 100 மைக்ரோகிராம் ஸ்ட்ரெப்டோமைசின் சேர்த்த குளிர்ந்த ஊடகத்தில், பனிக்கட்டியின் மேல், ஓரிரு மணி நேரத்துக்குள். உறையவிடக் கூடாது.

3. துண்டா, செல்லா? துண்டு என்றால் 1 கன மில்லிமீட்டர் அளவு. அதைவிடப் பெரிதானால் நடுவில் ஆக்ஸிஜன் போகாமல் செத்துவிடும். அகரோஸ் மேடையில் பாதி மூழ்கியும் பாதி காற்றிலுமாக வைக்கலாம். தட்டின் மூடியில் தொங்கும் துளியிலும் வைக்கலாம். தொங்கும் துளி முறையை விந்தகத்துக்கும் செமினோமாவுக்கும் கோபன்ஹேகன் குழு 2014-இல் விவரித்தது. செல்லாகப் பிரிப்பதென்றால் மில்லிலிட்டருக்கு திசுவைப் பிரிக்கும் கொலாஜனேஸ் என்சைம் 0.5 முதல் 1 மில்லிகிராம், கொஞ்சம் டி.என்.ஏஸ் என்சைம், 37 டிகிரியில் மெல்ல ஆட்டி 15 முதல் 30 நிமிடம், பிறகு 70 மைக்ரான் சல்லடை. அதிக நேரம் விட்டால் செல்லின் மேற்பரப்பு ஏற்பிகளும் சேதமாகும், பிறகு எச்.சி.ஜி. கொடுத்தால் பதில் வராது. துண்டில் அக்கம்பக்கம் அப்படியே இருக்கும், ஆனால் யார் சுரந்தது என்பது மறையும். செல்லாகப் பிரித்தால் யார் என்று தெரியும், ஆனால் அக்கம்பக்கம் போய்விடும். இரண்டையும் செய்வதே சரி.

4. ஊடகமும் வெப்பமும். டி.எம்.இ.எம்.-எஃப்12 வழக்கமானது, 5 சதவீதம் கார்பன் டை ஆக்ஸைடு. விந்தகம் உடலைவிடக் குளிர்ந்த இடம் என்பதால் நல்ல விந்தகத் துண்டை 34 டிகிரியில் வைப்பது வழக்கம். செல் லைன்களை 37-இல். கட்டியையும் நல்ல திசுவையும் ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே வெப்பத்தில் வைக்காவிட்டால் ஒப்பீடு வீண்.

5. முதல் நாள் ஊடகத்தைத் தனியே வைத்தல். வெட்டுப்பட்ட செல்களிலிருந்து கசிந்ததும் திசுவில் தேங்கியிருந்த இரத்தமும் அதில்தான் வரும். கொட்டிவிடாமல் அளக்க வேண்டும். ஆனால் அதை "சுரப்பு" என்று எழுதக் கூடாது.

6. தூண்டல். லேடிக் செல்லுக்கு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் எச்.சி.ஜி., அல்லது 1 மில்லிமோலார் டைபியூட்டிரில் சைக்ளிக் ஏ.எம்.பி. முதலாவது ஏற்பியைச் சோதிக்கிறது; இரண்டாவது ஏற்பியைத் தாண்டி உள்ளே போய்த் தட்டுகிறது. இரண்டாவதற்கு மட்டும் பதில் வந்தால் ஏற்பியில் கோளாறு.

7. அளத்தல். விளைவை 10 லட்சம் செல்லுக்கு அல்லது ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு, இத்தனை மணி நேரத்தில் என்று எழுத வேண்டும். "ஊடகத்தில் இவ்வளவு" என்ற எண்ணால் யாருக்கும் பயனில்லை.

தயாரித்ததா, கசிந்ததா?

ஆய்வின் உயிர்நாடி இந்தக் கேள்விதான். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்; எண்கள் விளக்கத்துக்காக மட்டும். ஒரே கட்டியிலிருந்து சம எடையில் மூன்று துண்டுகள். முதல் துண்டை அன்றே அரைத்து அளந்தால் 500 அலகு எச்.சி.ஜி. இரண்டாவதை ஐந்து நாள் வளர்த்து ஊடகத்தைத் தினமும் மாற்றினால் 380, 190, 180, 185, 170. மூன்றாவதை மூன்று முறை உறைய வைத்து உருக்கிக் கொன்றுவிட்டு அதேபோல வைத்தால் 410, 55, 8, பிறகு எதுவும் இல்லை.

இரண்டாவது துண்டு மொத்தம் 1,105 அலகு விட்டிருக்கிறது. தொடக்கத்தில் இருந்ததே 500. மீதியைத் தட்டில் இருந்தபடியே தயாரித்திருக்க வேண்டும். முதல் நாளை மட்டும் பார்த்திருந்தால் செத்த திசு உயிருள்ளதை முந்தியிருக்கும்! சைக்ளோஹெக்ஸிமைடு போட்டுப் புரத உற்பத்தியை நிறுத்தினால் சுரப்பு விழுகிறதா என்று பார்ப்பது கூடுதல் சான்று. ஸ்டீராய்டுகளுக்கு இந்தக் கூட்டல் கணக்கு அவ்வளவு தேவைப்படாது; செல்கள் அவற்றைச் சேமித்து வைப்பதில்லை, செய்த கையோடு வெளியே விட்டுவிடும்.

எங்கெல்லாம் கெடும்

செல்களுக்கு ஊட்டமாக ஊடகத்தில் சேர்க்கும் சீரம்தான் முதல் எதிரி. கன்றுக் கருவின் சீரத்தில் ஸ்டீராய்டுகளும் மாட்டின் ஏ.எஃப்.பி.-யும் உண்டு. செல் போடாத வெற்றுக் குழியில் அதே ஊடகத்தை ஊற்றி, அதே நாள்கள் வைத்து அளக்காவிட்டால், மாட்டின் ஹார்மோனை நோயாளியின் கணக்கில் எழுத நேரிடும். கரித்தூளால் வடித்த சீரம் ஸ்டீராய்டைக் குறைக்கும். சீரத்தை அறவே விட்டுவிடலாமே என்றால், லேடிக் செல்லுக்குக் கொழுப்பு கொண்டுவருவது சீரத்தின் லிப்போபுரதங்கள். ஆறு மணி நேரச் சோதனைக்குத் தாங்கும், பல நாள் சோதனையில் மூலப்பொருள் இல்லாமல் சுரப்பு படுத்துவிடும். ஊடகத்தின் சிவப்பு நிறத்துக்குச் சேர்க்கும் ஃபீனால் ரெட்டுடன் வரும் மாசுக்கும் மெல்லிய எஸ்ட்ரஜன் குணம் உண்டு. எஸ்ட்ரஜன் ஆய்வில் நிறமில்லாத ஊடகமே போட வேண்டும்.

அதிகம் பேர் கவனிக்காத பொறி, பி வைட்டமின்களில் ஒன்றான பயோட்டின். ஆர்.பி.எம்.ஐ.-1640 ஊடகத்தில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் பயோட்டின் இருக்கிறது. மருத்துவமனைத் தானியங்கிக் கருவிகள் பலவும் பயோட்டின்–ஸ்ட்ரெப்டாவிடின் பிணைப்பை நம்பி ஓடுபவை. ஊடகத்தை அப்படியே கருவியில் வைத்தால், இரண்டு ஆன்டிபாடி கொண்டு பிடிக்கும் எச்.சி.ஜி. சோதனையில் அளவு பொய்யாகக் குறையும். போட்டி முறையில் இயங்கும் டெஸ்டோஸ்டிரோன் சோதனையில் பொய்யாகக் கூடும். "எச்.சி.ஜி. இல்லை, டெஸ்டோஸ்டிரோன் நிறைய" என்ற அழகான, முற்றிலும் தவறான முடிவு கிடைக்கும். ஸ்டீராய்டை, ஆன்டிபாடி இல்லாமல் மூலக்கூறின் நிறையை வைத்து அளக்கும் எல்.சி.-எம்.எஸ். கருவியில் அளந்தால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று கொக்கி விளைவு. எச்.சி.ஜி. மிக அதிகமாக இருந்தால் இரண்டு ஆன்டிபாடிகளும் வெவ்வேறு மூலக்கூறில் தனித்தனியே நிரம்பிவிடும், நடுவில் இணைப்பே விழாது, எண் பொய்யாகக் குறைந்து தெரியும். கோரியோகார்சினோமா ஊடகத்தை 10, 100, 1,000 மடங்கு நீர்த்துப் பார்த்து, நீர்த்த விகிதத்துக்கேற்ப எண் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே நம்ப வேண்டும். அதோடு, சில கட்டிகள் பீட்டா துண்டை மட்டும் தனியே விடும். முழு எச்.சி.ஜி.-யை மட்டும் பிடிக்கும் கிட் அதைப் பார்க்காது.

உயிரியல் பக்கத்திலும் சிக்கல்கள் உண்டு. நார்ச் செல்கள் ஓரிரு வாரங்களில் தட்டை நிரப்பிக் கட்டிச் செல்லை ஓரங்கட்டிவிடும். லேடிக் செல்கள் தட்டில் ஒட்டி வளரும்போது சில நாள்களிலேயே சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். செமினோமா தட்டில் நிற்கவே நிற்காது. நீண்ட காலம் டிகேம்-2 என்ற ஒரே செல் லைனை நம்பித்தான் உலகமே ஓடியது. அதிலும் செமினோமாவில் அபூர்வமான பி-ராஃப் மரபணு மாற்றம் இருக்கிறது. ஜெர்ம் செல் கட்டியின் இன்னொரு வகையான எம்பிரியோனல் கார்சினோமாவில் இன்னும் வேடிக்கை: 2102இ.பி. என்ற செல் லைனை நெருக்கமாக விதைத்தால் அப்படியே இருக்கும். ஐதாக விதைத்தால் சில செல்கள் தட்டையாகவும் பெரிதாகவும் மாறி, அவற்றில் எச்.சி.ஜி. தலைகாட்டும். பைபெட்டில் எத்தனை செல் எடுத்தோம் என்பதே "இந்தக் கட்டி ஹார்மோன் சுரக்குமா" என்பதற்கான பதிலை மாற்றிவிடுகிறது. ஆகவே விதைப்பு அடர்த்தியைக் குறிப்பிடாத ஆய்வறிக்கையை நம்புவது கடினம்.

எம்.ஏ-10 கற்றுத்தந்தது

1981-இல் மாரியோ அஸ்கோலி எலியின் லேடிக் கட்டியிலிருந்து எம்.ஏ-10 என்ற செல் லைனைத் தனிமைப்படுத்தினார். ஜெலட்டின் பூசிய தட்டு, 15 சதவீதம் குதிரைச் சீரம் என்பது இதன் வழக்கமான உணவு. இதில் டெஸ்டோஸ்டிரோன் தேடுபவர்கள் ஏமாறுவார்கள். பாதையின் பின்பகுதி என்சைம் குறைவு என்பதால் இது பெரும்பாலும் புரொஜெஸ்டிரோனோடு நின்றுவிடும். குறையையே கருவியாக்கிக்கொண்டார்கள்: பாதையின் தொடக்கத்தை மட்டும் படிக்க இதைவிடத் தோதான செல் இல்லை.

எல்.எச். தட்டிய சில நிமிடங்களில் ஸ்டீராய்டு கூடுகிறது. ஆனால் சைக்ளோஹெக்ஸிமைடு போட்டால் கூடுவதில்லை. அப்படியானால் புதிதாக ஒரு புரதம் உருவாக வேண்டும். 22-ஹைட்ராக்ஸி கொலஸ்டிரால் என்ற எளிதில் ஊடுருவும் வடிவத்தை ஊற்றினால் அந்தப் புரதம் இல்லாமலே ஸ்டீராய்டு வருகிறது. ஆக, என்சைம் தயார். கொழுப்பு மைட்டோகாண்டிரியாவுக்குள் போவதுதான் தடை. அந்தக் கதவைத் திறக்கும் ஸ்டார் புரதத்தை டெக்சாஸில் டக்ளஸ் ஸ்டாக்கோ குழு 1994-இல் இதே எம்.ஏ-10 செல்லிலிருந்து பிரித்தெடுத்தது. அடுத்த ஆண்டே, பிறவியிலேயே அட்ரீனலும் விந்தகமும் ஸ்டீராய்டு செய்ய முடியாத குழந்தைகளிடம் இந்த மரபணு பழுதாகியிருப்பது தெரிந்தது. கட்டிச் செல்லில் கிடைத்த விடை கட்டியே இல்லாத நோய்க்கு விளக்கமானது.

தூண்டாமலே சுரக்கும் கட்டிகளுக்கும் விளக்கம் உண்டு. சிறுவர்களுக்கு வரும் லேடிக் கட்டிகளில், எல்.எச். ஏற்பியின் 578-ஆம் இடத்தில் அஸ்பார்டிக் அமிலத்துக்குப் பதில் ஹிஸ்டிடின் வந்திருப்பதை 1999-இல் கண்டார்கள். ஏற்பி எப்போதும் "ஆன்" நிலையில் கிடக்கிறது. எல்.எச். இல்லாமலே டெஸ்டோஸ்டிரோன் பெருகுகிறது; ஐந்தாறு வயதில் மீசை அரும்புகிறது. மாற்றம் கட்டியில் மட்டும் இருப்பதால் கட்டியை எடுத்தால் காரணமே போய்விடும்.

மருத்துவமனையில் இதன் பயன்

யார் சுரக்கிறார்கள் என்று உறுதியானதால்தான் எச்.சி.ஜி., ஏ.எஃப்.பி. இரண்டையும் கட்டியின் அளவுகோலாக மருத்துவர்கள் பயன்படுத்த முடிகிறது.

1. அறுவைக்குப் பின் இறக்கம். எச்.சி.ஜி. இரத்தத்தில் 24 முதல் 36 மணி நேரத்தில் பாதியாகும், ஏ.எஃப்.பி. 5 முதல் 7 நாளில். அறுவைக்கு முன் எச்.சி.ஜி. 8,000 என்றால், 36 மணி நேரக் கணக்கில் ஆறாம் நாள் 500-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 3,000-இல் நின்றால் எங்கோ இன்னொரு இடத்தில் உற்பத்தி நடக்கிறது.

2. செமினோமாவில் ஏ.எஃப்.பி. தூய செமினோமா ஏ.எஃப்.பி. சுரக்காது. அறிக்கையில் செமினோமா என்றும் இரத்தத்தில் ஏ.எஃப்.பி. உயர்வு என்றும் வந்தால், கல்லீரல் போன்ற வேறு காரணம் இல்லாத வரை, வேறு வகைக் கட்டியும் கலந்திருப்பதாகக் கொண்டே சிகிச்சை தருவார்கள்.

3. கீமோவின் முதல் வாரம். எண் இறங்காமல் ஏறினால் நோயாளிகள் பதறுவார்கள். செல்கள் உடையும்போது உள்ளே இருந்தது வெளியே கொட்டுகிறது. உருக்கிக் கொன்ற துண்டின் முதல் நாள் கணக்கு இதுதான். அடுத்த சுற்றுகளிலும் ஏறினால்தான் கவலை.

4. பொய்யான ஏற்றம். சிகிச்சையில் விந்தகச் செயல் குன்றியவர்களுக்குப் பிட்யூட்டரியின் எல்.எச். மிக உயரும். 1972-இல் வைட்டுகைட்டிஸ், பிரவுன்ஸ்டீன், ராஸ் மூவரும் பீட்டா துண்டைக் குறிவைத்த சோதனையைக் கொண்டுவந்த பிறகு இந்தக் குழப்பம் பெரிதும் குறைந்தது. ஆனாலும் சில கிட்களில் எல்.எச். கொஞ்சம் எச்.சி.ஜி. வேடம் போடும். மெல்லிய அளவில் எச்.சி.ஜி. நீடித்து, ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டால், கீமோவை மறுபடி தொடங்கும் முன் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டு எல்.எச்.-ஐ அமுக்கிவிட்டுத் திரும்ப அளப்பார்கள். எண் விழுந்தால் சுரந்தது பிட்யூட்டரி. விழாவிட்டால் தேடலைத் தொடர வேண்டியதுதான்.